மனப்பிணியும் மனித நீதியும்

அண்டை வீட்டுக்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டால் நாம் என்ன செய்கிறோம்? மஃரிபுத் தொழுகை முடிந்ததும் நாலைந்து பேராகச் சேர்ந்து போய்ப் பார்க்கிறோம். நெற்றியில் கை வைக்கிறோம். ரொட்டியோ பழமோ கொடுத்து, துஆச் செய்துவிட்டுத் திரும்புகிறோம். நோயுற்றவரை நலம் விசாரிப்பது நாம் செலுத்தவேண்டிய கடன் என்று சிறு வயதிலேயே ஓதிக்கொடுக்கப்பட்டவர்கள் நாம்.

அதே அண்டை வீட்டுக்காரர் மனம் கலங்கிப் படுத்துவிட்டார் என்றால் என்ன செய்கிறோம்? குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். அந்த வீட்டைக் கடக்கும்போது நடையை எட்டிப் போடுகிறோம். சென்னைவாசிகளுக்கு இதற்கென்று ஒரு சொல்லே கைவசம் உண்டு: ‘கீழ்ப்பாக்கம்’. 1794இல் தோன்றி, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்த மனநோய் மருத்துவமனை எத்தனையோ தலைமுறைகளின் துயரத்தைத் தாங்கியிருக்கிறது. அது இருக்கும் ஊரின் பெயரையே நாம் ஏச்சாக்கி வைத்திருக்கிறோம். கண் மருத்துவமனையின் பெயரைச் சொல்லியோ எலும்பு மருத்துவமனையின் பெயரைச் சொல்லியோ நாம் எவரையும் ஏசுவதில்லை.

மனப்பிணி ஏழை, செல்வர் என்று பார்த்து வருவதில்லை. குலம், நிறம் கேட்டு வருவதில்லை. ஆனால் அதிலிருந்து மீளும் வழி மட்டும் எல்லாருக்கும் ஒரே அகலத்தில் இல்லை. சிலருக்கு அது அரச வீதி. பலருக்கு அது முட்டுச்சந்து. முட்டுச்சந்தில் நிற்பவரைப் பார்த்து, வீதியில் இருப்பவர் கேட்கிறார்: “மருத்துவம்தான் இருக்கிறதே, இவர் ஏன் வரவில்லை? எல்லாம் அறியாமை!” அது அறியாமைதானா? மருந்து இருந்தும் நோயாளி வரவில்லையென்றால் பொறுப்பு யாருடையது? இந்த ஒரு கேள்வியையே இங்கே ஆராய முற்படுகிறோம்.

ஒரே மாதத்தில் இரு செய்திகள்

2001ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திவந்த மனநோயாளர் இல்லம் ஒன்றில் 6ஆம் நாள் விடியற்காலையில் தீப்பிடித்தது. ஓலைக் கொட்டகை; சில நிமிடங்களில் எரிந்துவிடக்கூடியது. உள்ளே இருந்தவர்களுள் பெரும்பாலோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். தீயைக் கண்டும் அவர்களால் எழுந்து ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். நாடே அதிர்ந்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

அதே மாதத்தின் கடைசி வாரத்தில் அமெரிக்காவில் ஓர் அறிக்கை வெளிவந்தது. அந்நாட்டு அரசின் தலைமை மருத்துவ அதிகாரியாய் இருந்த டேவிட் சாட்சர் அதை வெளியிட்டார். அவரும் கறுப்பினத்தவரே. இனம், பண்பாடு, மனநலம் ஆகிய மூன்றுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த அவ்வறிக்கை, வெள்ளையரைவிடக் கறுப்பின மக்கள் மிகுதியாக மனநோய்க்கு ஆளாகிறார்கள் என்று சொல்லவில்லை. நோய் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் வருகிறது. ஆனால் சிறுபான்மை இனத்தாருக்கு மருத்துவம் எட்டுவது குறைவு, எட்டிய மருத்துவமும் தரத்தில் தாழ்வு, ஆகவே அதே நோய் அவர்கள் தோளில் கூடுதல் பாரமாக இறங்குகிறது என்பதே அது கண்ட உண்மை.

கடல்கள் பல கடந்த இரண்டு இடங்கள். ஒன்றில் தீ, மற்றொன்றில் தாள். இரண்டும் சொன்ன செய்தி ஒன்றே என்பது நம் துணிபு. நோயினும் கொடிது, நோயாளியின் பக்கம் எவரும் செவி சாய்க்காமல் இருப்பது.

ஓடியவனுக்கு இட்ட பெயர்

கறுப்பின மக்கள் மனநல மருத்துவரை நாடத் தயங்குகிறார்கள் என்பது அமெரிக்காவில் நெடுநாளாகச் சொல்லப்பட்டுவரும் குறை. தயக்கம் உண்மைதான். அதன் வேர் எங்கே இருக்கிறது?

1851ஆம் ஆண்டில் சாமுவேல் கார்ட்ரைட் என்னும் மருத்துவர், அடிமைகள் எசமானரிடமிருந்து தப்பி ஓடுவது ஒரு மனநோய் என்று எழுதினார். அதற்கு ‘டிராப்டோமேனியா’ என்று கிரேக்கச் சொற்களால் பெயரும் சூட்டினார். அதைத் தடுக்கச் சாட்டையடியையும் பரிந்துரைத்தார். விலங்கை அறுத்துக்கொண்டு ஓடுகிறவன் பித்தன். விலங்கிட்டவன் தெளிந்த சித்தமுடையவன்! கல்வி கற்றவர் கையில் ஒரு சொல் எவ்வளவு கொடிய ஆயுதமாக முடியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அது பழங்கதை என்று தள்ளிவிடவும் வழியில்லை. அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, நாற்பதாண்டுகள், மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆடவர்க்கு மருத்துவம் செய்வதாகச் சொல்லிக்கொண்டு, நோய் எப்படி முற்றுகிறது என்று அரசு மருத்துவர்கள் வேடிக்கை பார்த்தனர். பென்சிலின் மருந்து வந்த பின்னரும் அது அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. 1997இல்தான் அமெரிக்க அதிபர் மன்னிப்புக் கோரினார். தந்தைக்கும் பாட்டனுக்கும் இது நேர்ந்த குடும்பத்தில் பிறந்தவன், வெள்ளை அங்கியைக் கண்டதும் பின்வாங்கினால் அது அறியாமையா? அது நினைவாற்றல் அன்றோ!

மருத்துவரிடம் வந்தவர்கள் நிலையும் அவ்வளவாகச் சிறக்கவில்லை. ஒரே வகை அறிகுறிகளோடு வந்தாலும் கறுப்பினத்தாரை மனச்சிதைவு நோயாளர் என்று முத்திரை குத்துவதும், அவர்களுடைய மனச்சோர்வைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் அமெரிக்க மருத்துவரிடையே மிகுதி என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இங்கிலாந்தில் மனநலச் சட்டத்தை மறுபார்வை செய்து 2018இல் வெளிவந்த அறிக்கை, வெள்ளையரைப் போல் நான்கு மடங்குக்கும் மேலாகக் கறுப்பினத்தார் அச்சட்டத்தின்கீழ்ப் பிடித்து வைக்கப்படுவதை எடுத்துரைத்தது. அவர்கள் நாடிப் போகும்போது கிட்டாத மருத்துவம், நாடாதபோது கட்டாயமாக வந்து கதவைத் தட்டுகிறது.

நம் நாட்டில்

இவையெல்லாம் மேலை நாட்டுக் கதைகள், நமக்கென்ன என்று எண்ணவேண்டாம். நிறத்தைப் பார்த்து மனநோயாளரைப் பிரிக்கும் வழக்கம் நம் மண்ணிலும் இருந்தது. வெள்ளையர் ஆட்சியில் ராஞ்சியில் 1918இல் ஐரோப்பியருக்கென்றே ஒரு மனநோய் விடுதி திறக்கப்பட்டது. இந்தியருக்கான விடுதி 1925இல் வேறாக எழுந்தது. அந்த நிறச் சுவர் இன்று இல்லை. அதற்குப் பதிலாகப் பணமும் மொழியும் சாதியும் தொலைவும் சுவர்களாக நிற்கின்றன.

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழகம் உள்ளிட்ட 12 மாநிலங்களில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. வயது வந்தோருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனக்கோளாறுடன் வாழ்வது அதில் தெரியவந்தது. அவர்களுள் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் உரிய மருத்துவம் பெறாதவர்கள். வருவாய் குறைந்த குடும்பங்களில் நோயின் பாரம் கூடுதலாய் இருந்தது.

நாம் வாழும் சென்னையின் தென்பகுதியையே எடுத்துக்கொள்வோம். மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர் ஆகிய பகுதிகளில் மனநல மருத்துவர் பெயர்ப்பலகைகளுக்குப் பஞ்சமில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தேர்வுக்கு அஞ்சித் தூக்கமிழந்தால் மறுநாளே ஆலோசகர் முன் அமர்கிறான். அது நல்லதே, அதில் நமக்குக் குறையில்லை. அதே பகுதிகளில்தான் கால்வாய்க் கரைக் குடிசைகளும் இருக்கின்றன. ரங்கநாதன் தெருவில் காலை முதல் இரவுவரை கால் கடுக்க நிற்கும் கடைப் பணியாளரும் இருக்கிறார்கள். கடைகளில் வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழக அரசு 2021இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. உட்காருவதற்கே சட்டம் வேண்டியிருந்த இடத்தில், “என் மனம் சரியில்லை, இன்று விடுமுறை வேண்டும்” என்று ஒருவன் எந்த வாயால் கேட்பான்?

ஒரு தாய்

இனி நாம் எழுதப்போவது நம்மைப் பற்றியே. எழுதக் கூச்சமாய் இருக்கிறது. எனினும் எழுதாமல் விடுவது நேர்மையாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின், கச்சேரி ரோட்டுக்குப் பின்புறத்துச் சந்தொன்றில் குடியிருந்த ஒரு தாய் நம்மைத் தேடி வந்தார். கைம்பெண், அடையாற்றில் ஒரு வீட்டில் சமையல் வேலை. அவருடைய மகன் நம்மிடம் குர்ஆன் ஓதியவன். தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துவந்தான். வயது இருபத்திரண்டு.

“ஹஜ்ரத், புள்ள தூங்கிப் பதினோரு நாளாச்சு. சுவத்தோட பேசறான். யாரோ கூப்பிடறாங்கன்னு ராத்திரியில எழுந்து ஓடறான்” என்றார்.

“தொழுகிறானா?” என்று கேட்டோம்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “கடையில நேரம் கிடைக்கலைங்க ஹஜ்ரத்.”

“அதுதான் அம்மா காரணம். தொழுகை விட்ட இடத்தில் ஷைத்தான் நுழைந்துகொண்டான். பொறுமையாய் இருங்கள், தொழச் சொல்லுங்கள்” என்று சொல்லி, தண்ணீர் ஓதிக் கொடுத்தனுப்பினோம். முப்பதாண்டுகள் கிதாபு ஓதிக்கொடுத்த நாம் அவரிடம் வேறெதையும் கேட்கவில்லை. அவன் எப்போது கடைசியாகச் சாப்பிட்டான் என்றுகூடக் கேட்கவில்லை. அந்தத் தாய் போத்தலை முந்தானையில் மறைத்துக்கொண்டு போன காட்சி இன்றும் நம் கண்ணில் நிற்கிறது.

பிறகு நடந்தவற்றை நாம் பின்னால்தான் அறிந்தோம். நாலு நாள் வராதவனைக் கடைக்காரர் சோம்பேறி என்று சொல்லி நீக்கிவிட்டார். தாய் வேலை செய்த வீட்டார் இரங்கிப் பணம் கொடுத்து, ஒரு தனியார் மருத்துவரிடம் அனுப்பினர். அங்கே நிரப்பக் கொடுத்த தாள் ஆங்கிலத்தில் இருந்தது. தாயை வெளியே நிற்கச் சொன்னார்கள். நேரமல்லாத நேரத்தில் பாங்கு ஓசை கேட்கிறது என்று மகன் சொன்னபோது, மருத்துவரும் உதவியாளரும் தமக்குள் ஆங்கிலத்தில் ஏதோ பேசிச் சிரித்தார்களாம். எதற்குச் சிரித்தார்கள் என்று கதவோரம் நின்ற தாய்க்குப் புரியவில்லை. தம்மைப் பார்த்துத்தான் என்று எண்ணிக்கொண்டார். பத்து நாள் கூலி அங்கே செலவாயிற்று. இரண்டாம் முறை அவர் போகவில்லை. மருந்தும் ஒரு மாதத்தோடு நின்றது.

ஓராண்டு கழிந்தது. வீடு வீடாகச் சென்று மனநோயாளரைக் கண்டறியும் பணியில் இருந்த ஓர் இளம்பெண் அந்தச் சந்துக்கு வந்தார். அவர் நம் சமயத்தவரல்லர். நோய் என்ன என்று அவர் முதலில் கேட்கவில்லை. “எந்த நேரத்தில் உங்கள் மகன் அமைதியாய் இருப்பார்?” என்று கேட்டார். விடிந்ததும் சற்று நேரம் அமைதியாய் இருப்பான் என்று தாய் சொல்ல, மறுநாள் விடியற்காலையில் வந்து வாசற்படியில் அமர்ந்தார். இப்படி நான்கு முறை வந்தார். ஐந்தாம் முறை அவன் அவரோடு எழுந்து நடந்தான், அரசு மருத்துவமனைக்கு.

இன்று அவன் ஒரு புத்தகக் கட்டு நிலையத்தில் அரை நாள் வேலை செய்கிறான். மருந்தை நிறுத்துவதில்லை. ஓசைகள் முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. ஆனால் அவை இப்போது தன்னை அதட்டுவதில்லை என்று நம்மிடம் சொன்னான்.

இரண்டு பிழைகள்

அந்தத் தாயைத் திருப்பி அனுப்பிய வாசல்கள் மூன்று. நாம் அவருடைய துயரத்துக்கு ‘வணக்கக் குறைவு’ என்று பெயரிட்டோம். கடைக்காரர் ‘சோம்பல்’ என்று பெயரிட்டார். மருத்துவர் அதன் சரியான பெயரையே எழுதியிருக்கக்கூடும். ஆனால் கேளாத செவி கண்டறிந்த சரியான பெயரும் அவனுக்குப் பயன்படவில்லை.

சிந்தித்துப் பார்க்கையில், இங்கே மனிதர் செய்யும் பிழைகள் இரண்டு வகை என்று தோன்றுகிறது. நோயுற்றவரைக் குற்றவாளியாகக் காண்பது ஒன்று. அநீதிக்கு ஆளானவரை நோயாளியாகக் காண்பது மற்றொன்று. நாம் செய்தது முதற்பிழை. கார்ட்ரைட் செய்தது இரண்டாம் பிழை. எதிரெதிராய்த் தோன்றினாலும் இரண்டின் பயனும் ஒன்றே: கேட்பவர் தம் கடமையிலிருந்து தப்பித்துக்கொள்கிறார். குற்றம் நோயாளியுடையது என்றால் நாம் உதவ வேண்டியதில்லை. துயரம் வெறும் நோய் என்றால் நாம் திருந்த வேண்டியதில்லை.

இரண்டாம் பிழை நம் நகரத்தில் இல்லையென்று சொல்வதற்கில்லை. அடையாறு, கூவம் ஆற்றங்கரைகளில் வாழ்ந்தவர்கள் 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், பின்னர்ச் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களுக்கும் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டனர். மயிலாப்பூரில் வீட்டு வேலை செய்த பெண் ஒரே நாளில் வேலையையும் அக்கம்பக்கத்தையும் பிள்ளைகளின் பள்ளியையும் பழகிய வழிபாட்டிடத்தையும் இழந்து, பதினைந்து கிலோமீட்டருக்கும் அப்பால் அடுக்குமாடியில் அடைபட்டார். அவர் அழுதால் அதற்கு மாத்திரை மட்டும் போதுமா? 2022 மே மாதம் இராஜா அண்ணாமலைபுரத்தில், பக்கிங்காம் கால்வாய்க் கரைக் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது, அதைத் தடுக்க முயன்ற முதியவர் ஒருவர் தம் உயிரையே இழந்தார். அதே இராஜா அண்ணாமலைபுரத்தில்தான், தற்கொலை எண்ணத்தில் தவிப்போரின் குரலைப் பொறுமையோடு கேட்பதற்கென்றே 1986இல் தோன்றிய சினேகா அமைப்பு இயங்குகிறது. ஒரே வட்டாரத்தில் கேட்கும் செவியும் இருந்தது. கேட்கப்படாத குரலும் இருந்தது. அம்முதியவரின் மரணத்தை மனநோய் என்று மட்டும் சொல்லி முடிப்பவர், புல்டோசரைக் கணக்கில் சேர்க்க மறந்தவராவார்.

இந்த வேறுபாட்டை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) மறைந்த அபூ ஜைத் அல்பல்கீ, ‘மஸாலிஹுல் அப்தானி வல் அன்ஃபுஸ்’ என்னும் தம் நூலில் உடல் நலத்துக்கு ஒரு பகுதியும் உள்ளத்தின் நலத்துக்கு ஒரு பகுதியும் ஒதுக்கினார். துக்கத்தில் காரணம் தெரிந்தது ஒரு வகை, காரணம் புலப்படாதது மற்றொரு வகை என்று பிரித்தார். முன்னதற்குச் சொல்லாலும் சிந்தனையாலும் ஆறுதல். பின்னதன் வேர் உடலில் இருப்பதால் அதற்கு உடல்வழி மருத்துவமும் வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் அறிஞர் இவ்வளவு தெளிவாகப் பகுத்துவைத்தார். அரபு அறிந்த நாமோ, ஒரு தாய் வந்து நின்றபோது எல்லாத் துக்கத்தையும் ஒரே தண்ணீர்ப் போத்தலில் அடைத்துவிட்டோம்.

பிளிதாவில் கிடைத்த பாடம்

“அதெல்லாம் சரி, இன்று சட்டம் இருக்கிறது, இலவச மருத்துவம் இருக்கிறது. இதற்கு மேலும் வராதவரை என்ன செய்வது?” என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானதே. 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதை முற்றாகத் தடை செய்கிறது. அரசின் மனநல மருத்துவம் எல்லாருக்கும் உரிமை என்கிறது. நல்ல சட்டம். ஆனால் உரிமை தாளில் இருப்பது வேறு, தெருவுக்கு வருவது வேறு. இதை விளக்க ஒரு வரலாற்றுச் செய்தியைச் சொல்வோம்.

மார்த்தினிக் தீவில் பிறந்த கறுப்பின மருத்துவர் ஃபிரான்ஸ் ஃபனான், 1953இல் அல்ஜீரியாவின் பிளிதா நகர மனநோய் மருத்துவமனைக்குப் பொறுப்பேற்று வந்தார். அந்நாடு அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அல்ஜீரிய முஸ்லிம்களுக்கு இயல்பிலேயே மூளை வளர்ச்சி தாழ்வு என்று கற்பித்த மருத்துவப் பேராசிரியர்கள் அங்கே கோலோச்சிய காலம். ஃபனான் அக்கருத்தை ஏற்காதவர். ஐரோப்பியப் பெண்கள் இருந்த கூடத்திலும் முஸ்லிம் ஆடவர் இருந்த கூடத்திலும் ஒரே புதுமுறையைக் கையாண்டார்: கூட்டங்கள், பத்திரிகை, விழாக்கள், கைத்தொழில். பெண்கள் கூடத்தில் நல்ல பலன் தெரிந்தது. முஸ்லிம் ஆடவர் கூடத்தில் எவரும் அசையவில்லை.

“இவர்களுக்கு இதெல்லாம் ஏறாது” என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஃபனான் அப்படிச் சொல்லவில்லை. பிழை நோயாளர்மீது இல்லை, தம் முறையில்தான் என்று உணர்ந்தார். அதை எழுத்திலும் ஒப்புக்கொண்டார். அவர்களுடைய மொழி தமக்குத் தெரியாது. அவர்களுடைய வாழ்க்கை முறையைக் கேட்டறியாமலே பிரெஞ்சுக்காரரின் முறையைத் திணித்துவிட்டோம் என்று கண்டார். பிறகு மருத்துவமனைக்குள்ளேயே அவர்கள் பழகிய பாங்கில் ஒரு தேநீர்க் கடை திறக்கப்பட்டது. பெருநாட்கள் கொண்டாடப்பட்டன. கதை சொல்பவர் வந்தார். தொழுகை நடத்த முஃப்தியும் அழைக்கப்பட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மெல்லத் திரும்பி மனிதரைப் பார்க்கத் தொடங்கினர். ஃபனான் தொழுகையாளி அல்லர். ஆயினும் நோயாளிக்குத் தொழுகை என்ன என்பதைக் கேட்டறிந்தார். பின்னர் 1956இல், மக்களை மனிதராகவே மதியாத ஆட்சியில் தனி மனிதரின் மனத்தை மட்டும் எப்படிக் குணப்படுத்துவது என்று மனம் வெதும்பிப் பதவியைத் துறந்தார்.

நம் ஏர்வாடியிலும் இதைப் போன்றதொரு பாடம் கிடைத்தது. தீவிபத்துக்குப் பின் அதே மாதத்தில் அவ்வூரின் மனநோயாளர் இல்லங்கள் மூடப்பட்டன. சங்கிலி அறுந்தது நன்று. ஆனால் அங்கே உறவினரைக் கொண்டுவந்து விட்டவர்களை ‘மூடநம்பிக்கையாளர்’ என்று ஏசியோர், அவர்கள் பேருந்து ஏறி அவ்வளவு தூரம் வந்த காரணத்தைக் கேட்டார்களா? முஸ்லிம்கள் மட்டுமல்லர், எல்லாச் சமயத்தவரும் வந்தனர். பக்கத்தில் மருத்துவர் இல்லாததால் வந்தனர். இருந்தும் கட்டணம் கட்ட இயலாததால் வந்தனர். ஊர் தூற்றியதால் வந்தனர். தர்காவில் எவரும் பெயரையும் வருவாயையும் கேட்டுத் துரத்தாததால் வந்தனர். பின்னாளில் தர்காவுக்கு வருவோருக்கு அங்கேயே மனநல மருத்துவமும் கிட்டும்படி, ‘தவா-துஆ’ என்னும் திட்டத்தை அரசு கொண்டுவந்தது. மருந்தும் பிரார்த்தனையும் ஒன்றையொன்று பகைக்க வேண்டியதில்லை என்பதே அப்பெயரின் பொருள். நோயாளி செல்லும் இடத்துக்கு மருத்துவம் சென்றது.

எந்தத் தெரு?

மார்க்கச் சட்டம் அறிந்தோர்க்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. சித்தம் கலங்கியவர் தெளியும்வரை அவர்மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது, அவரிடம் கணக்கில்லை. எழுதுகோல் அவரைவிட்டு உயர்ந்தால் எங்கே போகிறது? பொறுப்பாளர்மீதும் சமுதாயத்தின்மீதும் வந்து நிற்கிறது என்பதே நாம் கொள்ளும் பொருள். தம் பொருளைக் கையாளும் அறிவு போதாதவர்களை உண்பித்து உடுப்பித்து, அவர்களிடம் கனிவான சொல்லையே பேசவேண்டும் என்று திருமறையின் நான்காம் அத்தியாயம் பணிக்கிறது. கனிவான சொல் அங்கே உணவோடும் உடையோடும் சேர்த்து வைக்கப்பட்டிருப்பதைக் கவனிக்கவேண்டும்.

கெய்ரோவில் சுல்தான் கலாவூன் ஹிஜ்ரி 683இல் (கி.பி. 1284) எழுப்பிய மருத்துவமனை, ஆண், பெண், ஏழை, செல்வர் என்று பாராது எல்லாருக்கும் வக்ஃபு செய்யப்பட்டது, மனநோயாளருக்கும் அங்கே இடமிருந்தது. இந்தப் பழம்பெருமையை மீலாது மேடைகளில் பேசுவது நமக்கு எளிது. நம் மஹல்லாவில் மனம் நொந்தவர் எத்தனை பேர் என்று கேட்டால்தான் வாயடைத்துப் போகிறோம்.

அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்து முஸ்லிம் கிரந்தத்தில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியை நாம் பல்லாண்டுகள் பாடமாக நடத்தியிருக்கிறோம். மதீனாவில் அறிவில் ஏதோ கோளாறு உள்ள ஒரு பெண்மணி பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்து, தங்களிடம் எனக்கு ஒரு தேவை இருக்கிறது என்றார். பெருமானார், அப்பெண்மணி விரும்பிய தெரு எதுவோ அதைத் தேர்ந்துகொள்ளுமாறும், அங்கே வந்து தேவையை நிறைவேற்றித் தருவதாகவும் கூறினார்கள். அவ்வாறே வழியில் அவரோடு தனியே நின்று, அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்கள்.

பல்லாண்டுகள் இந்த ஹதீதில் நாம் பணிவைப் பற்றியே பாடம் சொன்னோம். அந்தத் தாய் வந்துபோன பிறகுதான் இதில் வேறொன்றும் இருப்பது புலப்பட்டது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நோயுற்றவரிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. மதீனாவின் தலைவர் அப்பெண்மணியின் தெருவுக்குப் போகிறார்; அவரைத் தம் வாசலுக்கு வரச் சொல்லவில்லை. “எந்த நேரத்தில் உங்கள் மகன் அமைதியாய் இருப்பார்?” என்று கேட்ட இளம்பெண், தாம் அறியாமலே அந்த வழிமுறையைப் பின்பற்றினார். ஹதீதை ஓதிக்கொடுத்த நாம் பின்பற்றவில்லை.

ஆகவே தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு நம் விடை இது: மருந்து இருந்தும் நோயாளி வரவில்லையென்றால், முதற்பொறுப்பு மருந்தை வைத்திருப்பவருடையது; அதற்கடுத்த பொறுப்பு வழி தெரிந்தும் வாளாவிருக்கும் நம்முடையது. நோயாளியின் தயக்கத்தை விசாரிக்குமுன் நம் வாசலை நாம் விசாரிக்கவேண்டும்.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. வெள்ளிக்கிழமைப் பயானில் காய்ச்சலைப் பற்றிப் பேசுவதைப்போல் மனப்பிணியைப் பற்றியும் பேசலாம். 2022 அக்டோபர் முதல் நடந்துவரும் ‘டெலி-மானஸ்’ இலவசத் தொலைபேசிச் சேவையின் எண் 14416ஐப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். ‘கீழ்ப்பாக்கம்’ என்னும் ஏச்சை நம் பிள்ளைகள் வாயிலிருந்து அகற்றலாம். ஆலிம்களாகிய நாம் ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ளவேண்டும்: “எனக்குத் தெரியவில்லை அம்மா, வாருங்கள், உங்களுடன் மருத்துவரிடம் நானும் வருகிறேன்.” ஓதிப்பார்ப்பதை விடவேண்டும் என்று நாம் சொல்லவில்லை, ஓதியபின் எழுந்து உடன் நடக்கவேண்டும் என்கிறோம்.

சென்ற ரமலானில் அந்தத் தாயின் வீட்டுக்குப் போயிருந்தோம். அன்று நாம் சொன்னது தவறு என்று சொன்னோம். அவர் பதறிப்போய், “அப்படியெல்லாம் சொல்லாதீங்க ஹஜ்ரத்” என்று தடுத்தார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பக்கத்துச் சந்தில் ஒரு பெண் பிள்ளை பெற்ற நாளிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை, குழந்தையைத் தொடுவதுமில்லை, நீங்கள் வந்து பார்ப்பீர்களா என்று கேட்டார். எந்த நேரம் அப்பெண்ணுக்குத் தோதானது என்று கேட்டு வரும்படி சொன்னோம்.

கேட்கும் செவியையும் நடக்கும் காலையும் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!